பூட்ஸ்ட்ராப் நம்பிக்கை இடைவெளி: சித்தூர் தாலுக்கா ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், ஆய்வேட்டில் ஆங்கிலம். இங்கிருந்து எம்.எஸ்சி., பிஎச்.டி. செய்யும் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தரவு பெரும்பாலும் சின்னது: பத்துப் பதினைந்து மாமரம், ஆறு தென்னந்தோப்பு, ஒரு பால் சொசைட்டியின் ஒரு மாத ஏடு. அதை வைத்து நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் கீழ், மேல் எல்லைகள்) கட்ட வரும்போது எழும் கேள்விகளைச் சேர்த்து, பதிலோடு இங்கே தருகிறேன். மென்பொருள் கட்டளைகளின் பெயரை உச்சரிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்தத் தோட்டத்திலும் அளந்தவை அல்ல.

டீச்சர், பூட்ஸ்ட்ராப் என்றால் உண்மையில் என்னதான் செய்கிறது?

முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் 11 மரங்களின் விளைச்சலை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவில்: 38, 42, 47, 51, 55, 58, 64, 72, 90, 135, 240. இதன் இடைநிலை, அதாவது ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண், 58. சராசரி 81.1.

வேறு 11 மரங்களை எடுத்திருந்தால் இந்த 58 எவ்வளவு மாறியிருக்கும்? இதுதான் கேள்வி. திரும்பப் போய் வேறு மரங்களை அளக்க நேரமும் பணமும் இல்லை. அதனால் கையில் உள்ள 11 எண்களையே முழுத் தோப்புக்குப் பதிலாக நிறுத்தி, அதிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுக்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் 11 ஓலை. ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓலையைத் திரும்பக் குடத்திலேயே போட்டுக் குலுக்க வேண்டும். தேர்தலில் ஓலை திரும்பப் போகாது, இங்கே போகும். இப்படி 11 முறை எடுத்தால் ஒரு மறுமாதிரி. அதில் 240 இரண்டு முறை வரலாம், 58 வராமலே போகலாம். அந்த மறுமாதிரியின் இடைநிலையைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். இதையே ஆயிரக்கணக்கில் செய்தால் இடைநிலைகளின் ஒரு பரவல் கிடைக்கும். அதன் அகலம், உங்கள் 58 எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதைச் சொல்கிறது.

இதில் புதிய தகவல் எதுவும் பிறப்பதில்லை. 11 மரம் 11 மரம்தான். அந்த 11 மரம் சொல்வதில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதைத்தான் பூட்ஸ்ட்ராப் அளந்து காட்டுகிறது. அதுவும் ஒரு நிபந்தனையோடு: முதல் மாதிரி எப்படி எடுக்கப்பட்டதோ, மறுமாதிரியும் அப்படியே எடுக்கப்பட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்த நிபந்தனையை வையுங்கள். மென்பொருளால் அதை உங்களுக்காகச் சரிபார்க்க முடியாது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிராட்லி எஃப்ரான் 1979இல் வெளியிட்டார். அதற்கு முன்பே குவெனூய், டூக்கி ஆகியோரின் ஜாக்நைஃப் முறை இருந்தது: ஒவ்வொரு தரவாக விட்டுவிட்டுக் கணக்கிடுவது. எஃப்ரான் அதை விரிவாக்கினார். கணினி மலிவாக ஆக, முறை பரவியது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1920களில் பீகார்–ஒரிசா நெல் விளைச்சலை மதிப்பிட ஹப்பாக் செய்த மாதிரி ஆய்வுகள், அதன்பின் வங்காளச் சணல் கணக்கெடுப்பில் மகலனோபிஸ் ஒன்றோடொன்று ஊடுருவும் துணை மாதிரிகளை எடுத்துப் பிழையை மதிப்பிட்டது: இவற்றை பூட்ஸ்ட்ராப்பின் முன்னோடிகளாகப் புள்ளியியலாளர் பீட்டர் ஹால் 2003இல் எடுத்துக்காட்டியிருக்கிறார். வயலில் நின்று விளைச்சல் அளந்தவர்கள் முன்வைத்த கேள்விக்குப் பிறந்த யோசனை என்பதால், தோப்பில் நின்று அளக்கும் உங்களுக்கு இது அந்நியமானதல்ல.

சராசரிக்கு டி-அட்டவணை இருக்கிறதே. அது போதாதா?

பல நேரம் போதும். தரவு ஓரளவு சமச்சீராக இருந்து, கேட்பது சராசரி மட்டும் என்றால் டி-முறையே (திட்டப் பிழையை, அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஆடும் என்பதன் அளவை, டி-அட்டவணை எண்ணால் பெருக்கி, சராசரியோடு கூட்டியும் கழித்தும் எல்லை போடுவது) போதும், வெட்கப்படத் தேவையில்லை. மேலே உள்ள 11 மரங்களுக்கு அது தருவது சுமார் 41.2 முதல் 121.0 வரை. ஆனால் நம் பகுதித் தரவுகள் பெரும்பாலும் வலது பக்கம் நீண்ட வால் உள்ளவை: மா விளைச்சல், நிலத்தின் அளவு, கடன் தொகை, எல்லாமே. அங்கே சராசரிக்கு இரண்டு பக்கமும் சமமாகக் கையை நீட்டும் இடைவெளி பொருந்தாது. இடைநிலை, இரு இடைநிலைகளின் விகிதம், ஒட்டுறவுக் கெழு, ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி கெழு போன்றவற்றுக்குக் கைக்கு அடக்கமான சூத்திரமும் கிடைக்காது. பூட்ஸ்ட்ராப்புக்கு வேலை வருவது அங்கேதான்.

ஆர் மென்பொருளில் எப்படி ஆரம்பிப்பது?

ஆர் நிறுவும்போதே ‘பூட்’ என்ற பேக்கேஜ் கூடவே வந்துவிடும். ‘லைப்ரரி’ கட்டளையால் அழைத்தால் போதும். டேவிசன், ஹிங்க்லி இருவரும் 1997இல் எழுதிய பாடநூலுக்குத் துணையாக ஏஞ்சலோ கான்டி எழுதிய நிரல் அது. பிரையன் ரிப்ளி ஆருக்குக் கொண்டுவந்தார்.

வேலை மூன்று படி. முதலில் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அது இரண்டு உள்ளீடு வாங்க வேண்டும்: ஒன்று தரவு, இன்னொன்று வரிசை எண்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள வரிசைகளை மட்டும் தரவிலிருந்து எடுத்து, இடைநிலையைக் கணக்கிட்டுத் திருப்ப வேண்டும். அடுத்து ‘செட்.சீட்’ கட்டளையால் ஒரு விதை எண் (அதே குலுக்கலைத் திரும்பப் பெற உதவும் எண்) கொடுத்து, ‘பூட்’ ஃபங்ஷனுக்குத் தரவு, நீங்கள் எழுதிய ஃபங்ஷன், மறுமாதிரி எண்ணிக்கை மூன்றையும் கொடுங்கள். கடைசியாக அதன் விடையை ‘பூட்.சிஐ’ ஃபங்ஷனுக்குக் கொடுத்து, எந்த வகை இடைவெளி வேண்டும் என்று சொல்லுங்கள்.

இடைவெளியைப் பார்க்கும் முன் விடையை ‘பிளாட்’ செய்து படமாகப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பரவல் ஒரு பக்கம் சாய்கிறதா, இரண்டு மேடு இருக்கிறதா, வெறும் நாலைந்து கோடுகளாக நிற்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மா விளைச்சல் இடைநிலைக்குப் போட்டால் கோடு கோடாகத்தான் நிற்கும். காரணம் பின்னால் வருகிறது.

“எல்லா மதிப்பும் சமம், இடைவெளி கணக்கிட முடியாது” என்று ஆர் சொல்கிறது. ஏன்?

உங்கள் ஃபங்ஷன் வரிசை எண் பட்டியலை வாங்குகிறது, ஆனால் உள்ளே பயன்படுத்தவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் மூலத் தரவின் இடைநிலையே வருகிறது. பட்டியலைத் தரவோடு சேர்த்துச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்.

தரவு அட்டவணையாக, அதாவது பல பத்திகளோடு, இருந்தால் அந்தச் சதுர அடைப்புக்குள் பட்டியலுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி கட்டாயம். அது இல்லாவிட்டால் ஆர் வரிசைகளுக்குப் பதில் பத்திகளைத் தேடும். இல்லாத பத்தியைக் கேட்டதாகப் பிழை காட்டும்.

இன்னொன்று: ‘பூட்.சிஐ’யில் பிசிஏ என்ற வகை இடைவெளியை (அடுத்த கேள்வியில் வருகிறது) கேட்கும்போது ‘ஏ’ என்ற திருத்த எண் கிடைக்கவில்லை என்று நின்றுபோகும். மறுமாதிரி எண்ணிக்கை உங்கள் தரவின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் இது நடக்கும். 1200 வீடுகளின் தரவுக்கு 999 மறுமாதிரி போட்டால் இந்தப் பிழை வரும். 9999 கொடுங்கள், போய்விடும்.

ஐந்து வகை இடைவெளி காட்டுகிறதே. எதை எடுப்பது?

நார்மல், பேசிக், ஸ்டூடன்டைஸ்டு, பெர்சன்டைல், பிசிஏ என்று ஐந்து. ஐந்தையும் அச்சடித்துப் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுப்பது முறையல்ல, முன்கூட்டியே முடிவெடுங்கள்.

பெர்சன்டைல் எளிது. 999 மறுமாதிரி மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி, 25ஆவதையும் 975ஆவதையும் எடுத்தால் 95% இடைவெளி. பேசிக் அதே இரண்டு முனைகளையும் கண்ணாடியில் திருப்பிப் போடுகிறது: மூல மதிப்பின் இருமடங்கிலிருந்து மேல் முனையைக் கழித்தால் கீழ் முனை, கீழ் முனையைக் கழித்தால் மேல் முனை.

நம் மாமரத் தரவில் இவை எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். இடைநிலைக்குப் பெர்சன்டைல் இடைவெளி 47 முதல் 90 வரை. பேசிக் இடைவெளி 26 முதல் 69 வரை. 26 கிலோ என்பது 11 மரங்களில் மிகக் குறைவாகக் காய்த்த மரத்தைவிடவும் குறைவு! இடைநிலை அங்கே போய் நிற்கும் என்று எந்தத் தோட்டக்காரரிடமும் சொல்ல முடியாது. வால் நீண்ட தரவுக்கு, மூல அளவுகோலிலேயே பேசிக் போடுவதில் உள்ள சிக்கல் இது. மடக்கை எடுத்துச் செய்தால் சற்றுச் சரியாகும். பெர்சன்டைலுக்கு அந்தக் கவலை இல்லை. மடக்கை எடுத்துச் செய்து திருப்பினாலும் அதே மரங்களில்தான் வந்து நிற்கும்.

பிசிஏ என்பது எஃப்ரான் 1987இல் கொண்டுவந்த திருத்தம். மறுமாதிரி மதிப்புகளில் எத்தனை பங்கு மூல மதிப்புக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்து ஒருபக்கச் சார்பைத் திருத்தும். கோட்டத்துக்காக, அதாவது பரவல் ஒரு பக்கம் சாய்வதற்காக, இன்னொரு திருத்தமும் செய்யும். சராசரி, ஒட்டுறவு, ரிக்ரஷன் கெழு ஆகியவற்றுக்கு நான் மாணவர்களுக்குச் சொல்வது இதைத்தான். இடைநிலைக்கு மட்டும் பெர்சன்டைலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், ஏனெனில் இடைநிலை வழுவழுப்பாக மாறும் அளவு அல்ல, பிசிஏயின் திருத்தம் அங்கே பிடிமானம் இல்லாமல் போகிறது. ஸ்டூடன்டைஸ்டு சராசரிக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு மறுமாதிரிக்கும் திட்டப் பிழையும் கணக்கிட்டுத் தர வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் ஆர் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு இந்த வகையை விட்டுவிடும். அந்த எச்சரிக்கை பிழையல்ல.

எத்தனை மறுமாதிரி போதும்?

திட்டப் பிழை மட்டும் வேண்டுமானால் சில நூறு. இடைவெளி வேண்டுமானால் குறைந்தது 999, முடிந்தால் 9999. இன்றைய சாதாரண மடிக்கணினிக்கே இது பெரிய வேலை இல்லை. 50 மறுமாதிரியில் இடைவெளி கட்டினால் ஒவ்வொரு முனையும் ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு மதிப்புகளைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

ஆனால் 9999ஐ ஒரு லட்சம் ஆக்கினால் ஆய்வு பலப்படும் என்று எண்ண வேண்டாம். கணினியின் தற்செயல் ஆட்டம்தான் குறையும். மரங்களின் எண்ணிக்கையால் வரும் நிச்சயமின்மை அப்படியே இருக்கும்.

என்னிடம் 6 தென்னந்தோப்பில் தோப்புக்கு 20 மரம், மொத்தம் 120 மரம் இருக்கிறது. 120ஐயும் குலுக்கலாமா?

கூடாது. இந்தப் பகுதி ஆய்வுகளில் மிக அதிகமாகப் பார்ப்பது இந்தத் தவறைத்தான், எனவே விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே தோப்பின் 20 மரங்களுக்கும் ஒரே கிணறு, ஒரே மண், ஒரே உரம், ஒரே உரிமையாளர். எருத்தேம்பதிப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு வற்றிய தோப்பில் ஒரு மரம் வாடியிருந்தால் பக்கத்து மரமும் வாடித்தான் இருக்கும். ஆகவே 20ஆவது மரம் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது தோப்புகளை. மரங்களை அதற்குள் எடுத்தீர்கள். மறுமாதிரியும் தோப்பு தோப்பாகவே எடுக்கப்பட வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். தோப்புக்குள் மரங்களின் ஒப்புமையை அளக்கும் உள்ளொட்டுறவு 0.2 என்று வையுங்கள். சராசரியின் மாறுபாடு 1 + 19 × 0.2 = 4.8 மடங்காகும். அதாவது உங்கள் 120 மரம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 25 மரங்களுக்குச் சமம். 120ஐயும் தனித்தனியாகக் குலுக்கினால் கிடைக்கும் இடைவெளி, இருக்க வேண்டிய அகலத்தில் பாதிகூட இருக்காது. பார்க்க அழகாக, துல்லியமாக இருக்கும். ஆனால் அந்தத் துல்லியத்துக்குத் தரவில் ஆதாரம் இல்லை.

ஆரில் செய்வது சுலபம்தான். ‘பூட்’ ஃபங்ஷனுக்கு மரங்களின் அட்டவணையைக் கொடுக்காமல் தோப்புப் பெயர்களின் பட்டியலைக் கொடுங்கள். உங்கள் ஃபங்ஷன், குலுக்கலில் வந்த தோப்புகளின் மரங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அளவைக் கணக்கிடட்டும். ஒரு தோப்பு இரண்டு முறை வந்தால் அதன் 20 மரமும் இரண்டு முறை வர வேண்டும். தோப்பின் பெயரையே மாதிரியுருவில் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டாம் முறைக்குப் புதுப் பெயர் கொடுங்கள். ஸ்டாட்டா மென்பொருளில் ‘கிளஸ்டர்’, ‘ஐடிகிளஸ்டர்’ என்ற இரண்டு விருப்பங்கள் இதற்காகவே இருக்கின்றன.

அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 6 தோப்பில் மொத்தம் 462 விதமான மறுமாதிரிதான் உண்டு. தோப்பு குறைவாக இருந்தால் தோப்புவாரி பூட்ஸ்ட்ராப்பும் இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கியே காட்டும். ரிக்ரஷன் என்றால் காமரான், கெல்பாக், மில்லர் மூவரும் 2008இல் பரிந்துரைத்த ‘வைல்டு கிளஸ்டர்’ பூட்ஸ்ட்ராப்பைப் பாருங்கள். களத்துக்குப் போகும் முன்பே கேட்டிருந்தால் நான் சொல்வது வேறு: தோப்புக்கு 20 மரம் வேண்டாம், 5 மரம் போதும், 24 தோப்புக்குப் போங்கள். அளக்கும் மரம் அதே 120தான். பெட்ரோல் செலவு கூடும், ஆனால் தரவின் மதிப்பு பலமடங்கு கூடும்.

கள் அளவு, காய் விலை போல நாள்தோறும் எடுத்த தரவு என்றால்?

இரண்டும் வேறு வேறு.

பாளை சீவிக் கள் இறக்கும் தென்னையில் காலையும் மாலையும் லிட்டர் குறித்தால், ஒரு மரத்தின் அறுபது அளவுகளும் அந்த ஒரே மரத்துடையவை. அங்கே மரம்தான் அலகு. மரத்தைக் குலுக்குங்கள், அதன் அளவுகள் எல்லாம் கூடவே வரட்டும். பல மரங்களை ஒரே தொழிலாளி சீவுகிறார் என்றால் அவரது கைப்பக்குவமும் அளவில் கலந்திருக்கும். அலகு அவராகவே இருக்கலாம்.

சந்தை விலையோ மழையோ ஒரே நீண்ட தொடர். நேற்றைய விலை இன்றைய விலையை இழுக்கும். நாட்களைத் தனித்தனியாகக் குலுக்கினால் அந்த இழுப்பு அறுந்துபோகும். தொடர்ச்சியான நாட்களைக் கட்டுக் கட்டாக எடுத்துக் குலுக்க வேண்டும். குன்ஷ் 1989இல் சொன்ன நகரும் கட்டு முறை, பாலிடிஸ், ரோமானோ இருவரின் 1994 முறை இரண்டுக்கும் ஆரில் ‘டிஎஸ்பூட்’ இருக்கிறது. கட்டின் நீளத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்த்து, இடைவெளி பெரிதாக மாறவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

ஆர் தெரியாது. பைத்தான், ஸ்டாட்டா, எஸ்பிஎஸ்எஸ், எக்செல் இவற்றில் முடியுமா?

பைத்தானில் சைபை என்ற நிரல் தொகுப்பின் 1.7ஆம் பதிப்பிலிருந்து (2021) ‘பூட்ஸ்ட்ராப்’ ஃபங்ஷன் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் 9999 மறுமாதிரி, பிசிஏ, 95% என்று எடுத்துக்கொள்ளும்; நல்ல இயல்புநிலைதான். தரவை நேரடியாகக் கொடுக்காமல் டியூபிளுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரிதான் என்றாலும் அடைப்புக்குள் ஒரு காற்புள்ளி வேண்டும். பாலின் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) போல ஜோடியான தரவுக்கு ‘பேர்டு’ விருப்பத்தை இயக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒரு மாட்டின் கொழுப்போடு இன்னொரு மாட்டின் எஸ்என்எஃப் சேர்ந்து, ஒட்டுறவு சிதைந்துபோகும். பத்தாயிரம் வரிசைத் தரவு என்றால் 9999 மறுமாதிரியும் ஒன்றாக நினைவகத்தில் ஏறும்போது சுமார் 80 கோடி பைட் பிடிக்கும். ‘பேட்ச்’ விருப்பத்தில் சிறு எண் கொடுத்தால் மடிக்கணினி தப்பும்.

ஸ்டாட்டாவில் எந்தக் கட்டளைக்கும் முன்னால் ‘பூட்ஸ்ட்ராப்’ போட்டால் போதும். ஆனால் எண்ணிக்கை சொல்லாவிட்டால் 50 மறுமாதிரிதான் எடுக்கும். திரையில் வருவதும் நார்மல் வகை இடைவெளி. எண்ணிக்கையை நீங்களே கொடுத்து, பிறகு ‘எஸ்டாட் பூட்ஸ்ட்ராப்’ கட்டளையால் பெர்சன்டைல் கேளுங்கள். பிசிஏ வேண்டுமானால் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் பல உரையாடல் பெட்டிகளில் ‘பூட்ஸ்ட்ராப்’ பொத்தான் இருக்கும். 1000 மறுமாதிரி, பெர்சன்டைல் என்பது இயல்புநிலை, பிசிஏயும் தேர்ந்தெடுக்கலாம். அடுக்குவாரி மறுமாதிரிக்கு இடம் உண்டு, தோப்புவாரிக்கு இல்லை. மேலே சொன்ன 6 தோப்புப் பிரச்சினைக்கு அந்தப் பொத்தானை நம்ப வேண்டாம்.

எக்செலில் ‘இண்டெக்ஸ்’, ‘ரேண்ட்பிட்வீன்’ இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். கற்றுக்கொள்ள அருமையான வழி. ஆய்வேட்டுக்கு வேண்டாம்: விதை எண் கொடுக்க முடியாது, ஒரு கட்டத்தைத் தொட்டாலே எல்லா எண்ணும் மாறும்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை கொஞ்சம் மாறுகிறது. தவறா?

இல்லை, குலுக்கல் அப்படித்தான். விதை எண்ணை நிலைநிறுத்தினால் அதே விடை திரும்ப வரும். விதையை மாற்றினால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி ஆடுகிறது என்றால் மறுமாதிரி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சாதகமான விடை வரும்வரை விதையை மாற்றிக்கொண்டே இருப்பது நேர்மையற்ற செயல்.

5 மரம்தான் இருக்கிறது. பூட்ஸ்ட்ராப் காப்பாற்றுமா?

காப்பாற்றாது, நிலைமையைக் கெடுக்கவே செய்யும். 5 தரவிலிருந்து 126 விதமான மறுமாதிரிதான் உண்டு. சராசரியின் திட்டப் பிழையையும் பூட்ஸ்ட்ராப் ஏறத்தாழ 11% குறைத்துக் காட்டும். டி-அட்டவணை 5 தரவுக்கு 2.776 என்ற பெருக்கியைத் தருகிறது; பெர்சன்டைல் முறை ஏறக்குறைய 1.96 அளவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டும் சேர, உங்கள் இடைவெளி டி-இடைவெளியின் அகலத்தில் 63% அளவுக்குத்தான் இருக்கும். சிறு மாதிரிக்கு பூட்ஸ்ட்ராப்தான் மருந்து என்று பரவியிருக்கும் நம்பிக்கை நேர்மாறானது. அங்கே ஐந்து எண்களையும் அப்படியே அட்டவணையில் போட்டுவிடுவதுதான் நாணயமான வழி.

11 மரத்திலேயே எல்லை தெரிகிறது. 11 எண்களை 11 முறை எடுக்க 28,531 கோடிக்கும் மேல் வழி உண்டு. ஆனாலும் மறுமாதிரி இடைநிலை அந்த 11 எண்களில் ஒன்றாக மட்டுமே வர முடியும். படம் கோடு கோடாக நின்றதன் காரணம் அது. கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்: 95% பெர்சன்டைல் இடைவெளி எப்போதும் 3ஆவது சிறிய எண்ணிலிருந்து 9ஆவது எண்வரைதான். மாமரத்தில் 47 முதல் 90. அதன் உண்மையான நம்பகம், ஈருறுப்புக் கணக்குப்படி, 93.5%. மோசமில்லை, ஆனால் 95 அல்ல.

அதிகபட்ச விளைச்சலுக்கு இடைவெளி கட்டலாமா? நோயே தென்படாத தோப்புக்கு?

இரண்டுக்கும் சாதாரண பூட்ஸ்ட்ராப் தோற்றுப்போகும். மறுமாதிரியின் உச்ச எண் ஒருபோதும் 240ஐத் தாண்டாது. சுமார் 65% மறுமாதிரிகளில் உச்சம் சரியாக 240 என்றே வரும். தோப்பில் 300 கிலோ காய்க்கும் மரம் இருக்கக்கூடும் என்பது அந்தப் பரவலுக்குத் தெரியாது.

15 தென்னையைப் பார்த்ததில் ஒன்றில்கூட வாடல் நோய் இல்லை என்றால், எத்தனை முறை குலுக்கினாலும் சுழியம்தான் வரும். இடைவெளி 0 முதல் 0 வரை. நோயே இல்லை என்று அதை எழுதிவிடாதீர்கள். ஈருறுப்புப் பரவலின் துல்லிய முறைப்படி 95% இடைவெளியின் மேல் முனை 21.8%. ஐந்தில் ஒரு மரம் நோயுற்றிருந்தாலும் உங்கள் 15 மரத்தில் அது தெரியாமல் போயிருக்கலாம் என்று அர்த்தம். தோட்டக்காரர் இந்த எண்ணை வைத்து மருந்துச் செலவை முடிவு செய்வார். ஆகவே இங்கே கவனம் வேண்டும்.

240 கிலோ மரத்தை நீக்கிவிடலாமா?

எழுதியது தப்பா, மரமே அப்படியா என்று ஏட்டையும் தோட்டக்காரரையும் கேளுங்கள். 24.0 என்பதில் புள்ளி விட்டுப்போயிருந்தால் திருத்துங்கள். உண்மையாகவே காய்த்திருந்தால் இருக்கட்டும். அந்த மரத்தால் சராசரி ஆடுகிறது என்றால் இடைநிலையைக் கொடுங்கள்.

இரண்டு ஊர் விளைச்சலை ஒப்பிட, இரண்டு இடைவெளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது. தனித்தனி இடைவெளிகள் ஓரளவு மேல்விழுந்தாலும் வித்தியாசத்தின் இடைவெளி சுழியத்தைத் தொடாமல் இருக்கலாம். வித்தியாசத்தையே அளவாக வைத்து அதற்கு இடைவெளி கட்டுங்கள். முதலமடையில் 40, நல்லேப்பிள்ளியில் 30 என்று எண்ணிக்கையை முன்பே தீர்மானித்து எடுத்திருந்தால், ஒவ்வொரு மறுமாதிரியிலும் அதே 40உம் 30உம் வர வேண்டும். ஆரில் ‘ஸ்ட்ராட்டா’ விருப்பத்துக்கு ஊர்ப் பத்தியைக் கொடுத்தால் அது பார்த்துக்கொள்ளும்.

வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) “95% என்றால் என்ன?” என்று கேட்டால்?

“இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, ஒவ்வொரு முறையும் இப்படி இடைவெளி கட்டினால், நூற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகளுக்குள் உண்மை மதிப்பு அடங்கும்.” இதற்கு மேல் சேர்க்க வேண்டாம். 95% மரங்களின் விளைச்சல் இந்த எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். அது முற்றிலும் வேறு விஷயம். நம் தரவிலேயே 11இல் 7 மரம்தான் 47 முதல் 90க்குள் இருக்கிறது.

ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

அளவு, இடைவெளி, வகை, மறுமாதிரி எண்ணிக்கை, குலுக்கிய அலகு, விதை எண், மென்பொருளும் பேக்கேஜும் அவற்றின் பதிப்பும். எல்லாம் சேர்ந்து இரண்டு வரிதான். “மரமொன்றின் இடைநிலை விளைச்சல் 58 கிலோ (95% பெர்சன்டைல் பூட்ஸ்ட்ராப் இடைவெளி 47–90, மரம் அலகாக 9999 மறுமாதிரிகள்)” என்று எழுதிவிட்டு, விதையையும் பதிப்பையும் முறையியல் பகுதியில் சேர்த்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது குலுக்கிய அலகைத்தான். மரமா, தோப்பா, தொழிலாளியா, நாட்கட்டா என்ற ஒரு சொல் இல்லையென்றால் படிப்பவரால் உங்கள் இடைவெளியை மதிப்பிடவே முடியாது. வழிகாட்டி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். நிரலைப் பின்னிணைப்பில் சேர்க்கும்போது தோட்டக்காரர்களின் பெயரையும் சர்வே எண்ணையும் தரவிலிருந்து எடுத்துவிட்டு, தோப்பு 1, தோப்பு 2 என்று குறியீடு போட்டுக்கொடுங்கள்.